நாளுக்கு 20 சொல் பாடமாக்கினா இங்கிலீஸ் கதைக்க வருமோ?

கேள்வி, மாங்குளத்திலயிருந்து ஒரு தம்பி
2024 ஜனவரி 12

போன வருசம் ஏ.எல் எடுத்திட்டு வீட்டில நிக்கிறன். அகராதியைப் பாத்து ஒரு நாளைக்கு 20 இங்கிலீஸ் சொல் பாடமாக்கிறன். ஆறு மாசத்தில 3600 சொல் வரும், அதுக்குப் பிறகு இன்ரவியூவில பயமில்லாமல் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன். ஆரும் இப்பிடிச் செய்து சரிவந்தனீங்களோ?

பதில், ஜனவரி 12, இரவு

தம்பி, நான் செய்தனான். சரிவரேல்ல.

மீள்குடியேறி விசுவமடுவில தறப்பாள் கொட்டிலுக்கை இருக்கேக்க ஆரோ ஒரு பழைய அகராதி தந்தவை, அட்டையும் இல்லை. ஏ எழுத்தில தொடங்கி ஒரு நாளைக்கு 10 சொல்லு, குப்பி விளக்கு வெளிச்சத்தில. அபாண்டன், அபேற், அபோலிஷ், அப்ரப்ற் எண்டு எழுதி எழுதி பி எழுத்துக்கு வரேக்க கொப்பியில 400க்குக் கிட்ட வந்திட்டுது. 2012 இல கண்ணிவெடி அகற்றிற வேலைக்கு எடுபட்டன். முதல் நாள் உடுப்பும் சப்பாத்தும் தந்தவை. சப்பாத்து எனக்கு இறுக்கம், பெருவிரல் நோகுது. அதை முன்னால நிண்ட வெள்ளைக்காரருக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல்லு வரேல்ல. ஒழிக்கிறதுக்கு அபோலிஷ் தெரியும், இறுக்கத்துக்கு ரைற் தெரியாது. அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் நோவோட நடந்து, வீட்ட வந்து காலைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சுக்கொண்டு அந்தக் கொப்பியைப் பாத்துக்கொண்டிருந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அந்த வேலையில அஞ்சு வருசம் நிண்டன். லேன், ஸ்ரிக், ஏப்ரன், டிற்றெக்ரர், சிக்னல், றேக், ஸ்ரெப் பாக், ஸ்லோலி. இதுகளை நான் ஒரு நாளும் பாடமாக்கேல்ல. ஒவ்வொரு சொல்லும் கையில ஒரு சாமானோடயோ காலுக்குக் கீழ ஒரு பயத்தோடயோ வந்தது. மறக்கேலாது, மறந்தா உயிர் போயிடும். முகத்துக்குப் போடுற கண்ணாடி மறைப்பு ஒண்டு இருக்கு, சாமான் பட்டியலில அந்தப் பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சா 'விசர்' எண்டுதான் வரும், பெட்டையள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம், 'விசரைப் போடு, விசரைக் கழட்டு' எண்டு. பேந்து எங்கட லீடர் அது 'வைசர்' எண்டு சொல்லித் தந்தவ. ஒரு தரம் கேட்டதுதான். எழுத்து ஒண்டு சத்தம் ஒண்டு எண்டு இங்கிலீசில எனக்கு முதல் முதல் விளங்கின இடமும் அதுதான்.

அகராதியை மூடி வையுங்கோ தம்பி. பாடமாக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜனவரி 13

ஒண்டு விட்டிட்டன். தறப்பாள். ஒரு நாள் மழைக்குச் சாமான் மூடேக்க அந்த வெள்ளைக்காரர் 'ரார்போலின்' எண்டு கத்தினார், ஆருக்கும் விளங்கேல்ல, பிறகு கையைக் காட்டினார். எங்கட தறப்பாள்! அவ்வளவு காலமும் அதுக்குக் கீழ படுத்து எழும்பினனாங்கள், அது இங்கிலீஸ் சொல்லிலயிருந்து வந்ததெண்டு தெரியாமல்.

ஜனவரி 15

பொங்கல் பொங்கி முடிஞ்சு கொஞ்சம் ஓய்வா இருக்கிறன். ஓமந்தையிலயிருந்து ஒரு தங்கச்சி 'அக்கா எங்க தொடங்கிறது' எண்டு கேட்டிருந்தவ. குசினியில தொடங்குங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

உங்கட வீட்டுக்குள்ள ஒருக்காச் சுத்திப் பாருங்கோ. அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு, ஜன்னல், துவாய், சப்பாத்து, பாண், விறாந்தை, கந்தோர், லாச்சி. குசினி எண்ட சொல்லும் அதுதான். எல்லாம் போத்துக்கீசச் சொல்லு. அந்தக் காலத்தில ஆரும் கொப்பியில எழுதிப் பாடமாக்கியிருக்க மாட்டினம். பாண் வந்தது, பாண் எண்ட சொல்லும் வந்தது. கதிரையில இருந்தினம், கதிரை எண்டு சொல்லிச்சினம். பள்ளிக்கூடம் போகாத என்ர அம்மம்மா ஒரு நாளைக்கு இருபது போத்துக்கீசச் சொல்லாவது பாவிச்சிருப்பா. எங்களுக்கு வேற பாசைச் சொல்லு ஏறாது, வன்னிப் பிள்ளையளுக்கு இங்கிலீஸ் வராது எண்டு சொல்லுறவைக்கு நான் சொல்லுற பதில் இது.

அதால, காலமை எழும்பினதிலயிருந்து கை தொடுற சாமானுக்குப் பேர் கேளுங்கோ. அகப்பை, சுளகு, உமி, தவிடு, உரல், கிணத்துக் கயிறு. என்ர மகளுக்கு ஒளித்தொகுப்புக்கு இங்கிலீஸ் தெரியும், சயன்ஸ் புத்தகத்தில இருக்கு. உமிக்குக் கேட்டா முழிக்கிறாள். ஹஸ்க். தவிடு பிரான்.

ஜனவரி 16

திருத்தம். கந்தோரும் லாச்சியும் போத்துக்கீசம் இல்லை, ஒல்லாந்தம். ஒரு ஐயா எழுதி அனுப்பியிருக்கிறார், அவர் சொன்னது சரி. 1619 இல யாழ்ப்பாண இராச்சியம் போத்துக்கீசரிட்டப் போனது, 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சினம், அவையள் கொண்டுவந்தது கந்தோர். கக்கூசும் ஒல்லாந்தம் தானாம். யோசிச்சுப் பாத்தா ஆர் என்ன வைச்சிருந்தவையோ அந்தச் சொல்லைத்தான் விட்டிட்டுப் போயிருக்கினம், கதிரை வைச்சிருந்தவன் கதிரையை, கந்தோர் வைச்சிருந்தவன் கந்தோரை.

ஜனவரி 21

கனடாவிலயிருந்து அண்ணையின்ர மகள் வந்து நிக்கிறாள். அங்கயே பிறந்து வளந்த பிள்ளை. தமிழ் விளங்கும், கதைக்கிறது இங்கிலீஸ். இந்தக் கிழமை நான் படிச்சது அஞ்சு மாச வகுப்புக்குச் சமன்.

நான் அவளுக்குச் சொன்னன், மத்தியானம் கிளிநொச்சியில ஹோட்டலில சாப்பிட்டிட்டு வருவம் எண்டு. பிள்ளை நல்ல சட்டை போட்டு, நீந்துற உடுப்பும் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்து நிக்குது. எங்களுக்குச் சோத்துக்கடை ஹோட்டல், அவளுக்கு அறை எடுத்துத் தங்கிற இடம்தான் ஹோட்டல். சாப்பிடுற இடம் ரெஸ்ரோரண்ட். பேந்து பிளேன்ரீ. பால் விடாத தேத்தண்ணிக்கு அவளின்ர சொல்லு பிளாக் ரீ. கரண்ட் போட்டுது எண்டதை நான் அப்பிடியே இங்கிலீசில சொன்னன், ஆள் முழிச்சாள், பவர் போட்டுது எண்டுதான் அங்க சொல்லுறதாம். லான்ட்மாஸ்ரர் எண்டா அவளுக்கு ஒண்டுமே தெரியாது, அது ஒரு கொம்பனியின்ர பேராம், எங்களுக்குத்தான் இரண்டு சில்லு உழவு மெசின் எல்லாம் லான்ட்மாஸ்ரர். ரூ வீல் ட்ராக்ரர் எண்டு சொன்னாத்தான் அவளுக்கு விளங்கிச்சு. பஸ் ஹோல்ற்றை பஸ் ஸ்ரொப் எண்டாள். படிச்சு முடிச்சதைப் 'பாஸ் அவுட்' எண்டு நான் சொல்ல ஆள் பதறிப் போனாள், அங்க அது மயங்கி விழுறதாம்.

இதில கஷ்டம் என்னெண்டா தெரியாத சொல்லுக்கு நாங்கள் அகராதியைத் திறப்பம், தெரிஞ்ச சொல்லுக்குத் திறக்க மாட்டம். ஹோட்டலை ஆர் போய் அகராதியில பாக்கிறது. அதால உங்கட வாயில ஏற்கெனவே இருக்கிற இங்கிலீஸ் சொல்லுகளை ஒரு பக்கத்தில எழுதி ஒவ்வொண்டா விசாரியுங்கோ. ஒரு 200, 300 சொல்லு எல்லாரிட்டயும் இருக்கு, அதில முக்கால்வாசி சரியாத்தான் இருக்கும்.

ஆனா பிளேன்ரீயும் ஹோல்ற்றும் பிழை எண்டு சொல்ல மாட்டன். இலங்கையில இங்கிலீஸ் கதைக்கிறவைக்கு அது விளங்கும், கொழும்பில பெரிய பெரிய ஆக்களும் அப்பிடித்தான் கதைக்கினம். எந்த ஊர் ஆளோட கதைக்கிறம் எண்டதைப் பொறுத்தது.

ஜனவரி 22

வயல்காரத் தம்பி ஒராள் கேட்டது: குளத்துக்கு என்ன?

பிள்ளைக்கு இரணைமடுவைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனனான். பாத்திட்டு அவள் சொன்னது லேக். பிறகு மனிசர் கட்டினது எண்டு சொல்ல, ரெசவோயர் எண்டாள். எங்கட நாட்டில நீர்ப்பாசனக் கந்தோர்காரர் எழுதுறது ராங்க். இரணைமடு ராங்க், வவுனிக்குளம் ராங்க், முத்தையன்கட்டு ராங்க். ராங்க் எண்டா அவளுக்குக் கூரைக்கு மேல வைக்கிற கறுப்புத் தண்ணித் தாங்கியும் யுத்தத்தில ஓடுறதும் தான். நான் சின்னனில ராங்க்கில குளிச்சனான் எண்டு சொன்னா அவள் என்னத்தை நினைச்சிருப்பாளோ.

குளக்கட்டு பண்ட். துருசு ஸ்லூஸ். கலிங்கு ஸ்பில். வாய்க்கால் கனால். பெரும்போகம் சிறுபோகத்துக்கு இங்கிலீஸ் எழுத்திலயும் சிங்களச் சொல்லுத்தான், மகா, யல.

இனி நான் சொல்லப் போறதை வடிவாக் கேளுங்கோ. ஆத்துக்குக் குறுக்கால கட்டித் தண்ணியைத் திருப்புற கட்டுக்கு இங்கிலீசில 'அனிகற்'. அது எங்கட அணைக்கட்டு! இங்கிலீஸ்காரர் எங்களிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு போன சொல்லு. மண்வெட்டிக்கு இலங்கை இங்கிலீசில 'மமோட்டி', அதுவும் எங்கட மண்வெட்டி தான், வெளிநாட்டு ஆக்களுக்குச் சொல்லேக்க ஹோ எண்டு சொல்ல வேணும். கட்டுமரம் போய் கற்றமரான் ஆச்சுது. அணைக்கட்டு அங்க போனதும் பாண் இஞ்ச வந்த மாதிரித்தான், தண்ணி மறிக்கிற வேலையை வந்து பாத்தினம், அந்த வேலை செய்யிறவன்ர வாயிலயிருந்த சொல்லை எடுத்தினம். எனக்கு இது தெரிய வந்த அண்டைக்கு அவ்வளவு சந்தோசம். அப்பா இருந்திருந்தா ஓடிப்போய்ச் சொல்லியிருப்பன். ஆள் நாப்பது வருசம் மண்வெட்டி பிடிச்ச மனிசன்.

ஜனவரி 22, பின்னேரம்

ஒராள் கேட்டதுக்கு: கரும்புக்கு சுகர்கேன். இல்லை, கேட்டது கரம்பை மண்ணுக்கு. நான் அவசரத்தில மாறி வாசிச்சிட்டன். கரம்பைக்குச் சரியான சொல்லு என்னட்ட இல்லை, களிமண் எண்டா கிளே.

பெப்ரவரி 4

பத்து நாளா எழுதேல்ல. அம்மாவுக்குக் கால் வீங்கிப் போச்சு, கிளினிக்குக்குத் திரிஞ்சனான். இப்ப பறவாயில்லை.

அங்க இருந்த டொக்ரர் சிங்கள ஆள், நல்ல பிள்ளை. அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம், நடுவில இங்கிலீசில ஓடிச்சுது. சாமானுகளின்ர பேர் எல்லாம் எனக்கு வந்தது. கணுக்கால், முழங்கால், வீக்கம், உப்பு, குளிசை, எல்லாம் தெரியும். அவர் சொன்ன வசனம் தான் பிடிபடேல்ல. 'கட் டவுன் ஒன் சோல்ற்' எண்டார். கட் எண்டா வெட்டு, டவுன் எண்டா கீழ. மரத்தை வெட்டி விழுத்துற மாதிரித்தான் எனக்குப் பட்டது. உப்பை என்னண்டு வெட்டிறது? பிறகு வீக்கம் 'கோ டவுன்' ஆகாட்டி 'கம் பாக்' எண்டார். கட், கோ, கம், டவுன், பாக், ஒவ்வொண்டும் மூண்டாம் வகுப்பில படிச்ச சொல்லு. ஒண்டாச் சேர்ந்து வரேக்க நான் திக்குத் தெரியாமல் நிண்டன். அவர் கையைக் கீழ இறக்கிக் காட்டினாப் பிறகுதான், உப்பைக் குறை எண்டு விளங்கிச்சு.

நான் சொன்னதிலயும் ஒரு பிழை. அம்மா குளிசை குடிச்சவ எண்டதை ட்ரிங்க் எண்டு சொன்னன். எங்களுக்கு மருந்து எண்டா குடிக்கிறதுதானே, பாணியெண்டாலும் குளிசையெண்டாலும். அவையளுக்கு ரேக். எடுக்கிறது. காய்ச்சல் எங்களுக்குக் காயும், அவையளுக்கு இருக்கும், ஹாவ்.

அதால குசினியில தொடங்குங்கோ எண்டு நான் பொங்கலண்டு எழுதினதில பாதியை மாத்திறன். அகப்பைக்கு இங்கிலீஸ் தெரியாட்டிலும் கையைக் காட்டினா ஆரும் எடுத்துத் தருவினம். 'குறை', 'கூட்டு', 'பிறகு வா', 'ஒத்திப் போடு' இதுகளைக் கையால காட்டேலாது. சின்ன வினைச்சொல்லுகள் தான் சோறு, சாமான் பேரெல்லாம் கறி.

எங்கட 'போடு' எண்ட ஒரு சொல்லையே எடுங்கோ. சட்டை போடு, தேத்தண்ணி போடு, தேத்தண்ணிக்குச் சீனி போடு, லைற் போடு, சண்டை போடு, கோழி முட்டை போடுது. தமிழ் படிக்க வாற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ, அது 'போடு'வுக்கு அகராதியில ஒரு கருத்துப் பாடமாக்கிப் போட்டு வந்தா எங்கட வீட்டில ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்குமோ? இங்கிலீசில 'கெற்', 'புற்', 'ரேக்' அப்பிடித்தான். புற் ஒன், உடுக்கிறது. புற் ஓஃப், ஒத்திப் போடுறது. புற் அப் வித், பொறுத்துக்கொண்டு போறது. புற் எண்டா வை எண்டு மட்டும் படிச்ச பிள்ளைக்கு இது ஒண்டும் விளங்காது.

பெப்ரவரி 5

மேல எழுதினதோட சேத்து வாசியுங்கோ. ஒக்டன் எண்ட இங்கிலாந்துக்காரர் 1930 இல 850 சொல்லோட பேசிக் இங்கிலீஸ் எண்டு ஒண்டை உண்டாக்கினவர். அந்த 850 க்குள்ள வினைச்சொல் வெறும் 18. கம், கெற், கிவ், கோ, கீப், லெற், மேக், புற், ரேக் அந்த மாதிரி. அதுகளோட அப், டவுன், ஓஃப், பாக் சேத்துப் பெரிய பெரிய வினைச்சொல் எல்லாத்தையும் சமாளிக்கலாம் எண்டது அவரின்ர கணக்கு. 850 எண்டு கேக்க லேசு, தம்பியின்ர கணக்கில ஒண்டரை மாசம். ஆனா கட் டவுனில நான் மாட்டுப்பட்ட மாதிரி, சேர்ந்து வாறது ஒவ்வொண்டும் புதுச் சொல்லுத்தான். 850 எண்டு எண்ணினது சொல்லை, படிக்க வேண்டியதை இல்லை.

பெப்ரவரி 18

அருவிவெட்டு. வயல் வெட்டி நெல்லுக் காயப் போட்டு, மேகம் மூட ஓடி ஓடிக் கட்டி, உடம்பு ஏலாமல் கிடக்கு. நாரிப் பிடிப்பு வேற. சுருக்கமா.

மகள் மே மாசம் ஓ.எல் எடுக்கிறாள். அவள் ஒரு பிஸ்கற் பெட்டியில சின்னச் சின்ன மட்டை வெட்டி வைச்சிருக்கிறாள், ஒரு பக்கம் தமிழ், மற்றப் பக்கம் இங்கிலீஸ். சரியாச் சொன்ன மட்டை பின்னுக்குப் போகும், கன நாளைக்குப் பிறகு தான் திரும்ப வரும், பிழைவிட்டது முன்னுக்கு வரும், நாளைக்கே வரும். லைற்னர் எண்டவரின்ர பெட்டி முறையாம். எபிங்ஹவுஸ் எண்டு ஒரு ஜெர்மன்காரர் 1885 இலயே தன்னையே சோதிச்சுப் பாத்து எழுதியிருக்கிறார், கருத்தில்லாத அசைகளைப் பாடமாக்கினா முதல் நாளுக்குள்ள தான் கூடுதலா மறந்து போகுது, பிறகு மெல்ல மெல்ல. அபோலிஷ் எல்லாம் அப்பிடித்தான் என்னை விட்டுப் போனது, எனக்கு அது கருத்தில்லாத அசைதானே. அதோட நான் திரும்பிப் பாக்கவும் இல்லை, ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா எழுதிக்கொண்டே போனன்.

மகள் ஒரு கேள்வி கேட்டாள், என்னட்டப் பதில் இல்லை. 'அம்மா, உங்களுக்கு வேலையில வந்து சேர்ந்தது. எனக்கு வேலை எங்க? நான் எங்க போய் வெள்ளைக்காரரைப் பிடிக்கிறது?' அவளின்ர மட்டைகளைப் பிரிச்சுப் பாத்தன். தனிச் சொல்லு இல்லை, வசனம் எழுதியிருக்கிறாள். 'அம்மா உப்பைக் குறைச்சவ', 'மழையால அருவிவெட்டை ஒத்திப் போட்டம்'. எங்கட வீட்டுக் கதை முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு.

தம்பி, பாடமாக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு முதல் நாள் இரவு நான் எழுதினது பிழை. அதை வாபஸ் வாங்கிறன். பாடமாக்குங்கோ. அகராதி ஒழுங்கில வேண்டாம், அவ்வளவுதான். மைக்கல் வெஸ்ற் எண்டவர் வங்காளத்தில, டாக்காவில படிப்பிச்ச மனிசன், எங்களை மாதிரிப் பிள்ளையளுக்குத் தான் அவர் யோசிச்சவர். கூடுதலாப் பாவிக்கிற 2000 சொல்லுக்குக் கிட்ட ஒரு பட்டியல் 1953 இல வெளியிட்டவர். அப்பிடிப் பட்டியல்கள் இப்ப போனிலயே எடுக்கலாம். அதில இறுக்கம் அபோலிஷுக்கு முதல் வரும்.

மார்ச் 3

இதை எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சனான். 2017 இல அந்த வேலை முடிஞ்சாப் பிறகு ஒரு கந்தோரில இன்ரவியூவுக்குப் போனன். மூண்டு பேர் இருந்தவை. நான் ஒரு சொல்லைப் பிழையாச் சொல்ல ஒராள் மற்றாளைப் பாத்துச் சிரிச்சார். அதுக்குப் பிறகு எனக்குத் தெரிஞ்ச சொல்லும் வரேல்ல, தொண்டை அடைச்சுப் போச்சு. வெளியில வந்து ஏ9 றோட்டில பஸ்சுக்கு நிக்கேக்க அவையள் கேட்ட கேள்வியளுக்கெல்லாம் பதில் ஒழுங்கா வருது, ஒவ்வொண்டா. நாலு மாசம் நான் இங்கிலீசில வாயே திறக்கேல்ல. அந்த நாலு மாசத்தில போன சொல்லு அகராதியில தொலைச்சதை விடக் கூட.

உச்சரிப்பு ஏன் பிழைச்சது எண்டு பிறகு தான் கண்டுபிடிச்சன். கொப்பியில இங்கிலீஸ் சொல்லைத் தமிழ் எழுத்தில எழுதி வைச்சதால. நாங்கள் 'ரீச்சர்', 'ரயர்', 'ரோச்' எண்டு ர போட்டு எழுதிற ஆக்கள். என்ர கொப்பியில 'ரேக்' எண்டு ஒரு இடம், 'றேக்' எண்டு இன்னொரு இடம், ஒண்டு எடு எண்டது, மற்றது மண் கிளறுற முள்ளு, அவசரத்தில எழுதினதை ஆறு மாசத்துக்குப் பிறகு வாசிச்சா எது எது எண்டு எனக்கே தெரியேல்ல. இஞ்ச நான் தமிழில எழுதிறது உங்களுக்கு வாசிக்க லேசா இருக்கட்டும் எண்டு. கொப்பியில அப்பிடி எழுதாதேங்கோ. போனில சத்தத்தைக் கேளுங்கோ, ரண்டு தரம் கேளுங்கோ, வாய்விட்டுச் சொல்லுங்கோ. மாட்டுக்குச் சொன்னாலும் காணும், மாடு சிரிக்காது.

மார்ச் 4

நேற்று எழுதினதுக்குக் கனபேர் ஆறுதல் சொல்லியிருக்கிறியள். சந்தோசம். ஒரு அக்கா கேட்டிருக்கிறா 'இப்ப கதைப்பியளோ' எண்டு. கதைப்பன். பிழையும் விடுவன். டொக்ரரோட கதைச்சது மேல இருக்குத்தானே.

மார்ச் 17

மாங்குளத்துத் தம்பி திரும்ப வந்திருக்கிறார்! அகராதியை விட்டிட்டாராம். இப்ப ஒவ்வொரு நாள் இரவும் அண்டைக்கு நடந்ததை அஞ்சு வசனம், தெரியாத சொல்லு வாற இடத்தில தமிழைப் போட்டுக் கோடு கீறி, அடுத்த நாள் அந்தச் சொல்லை மட்டும் தேடுறாராம். ஒரு நாளைக்கு மூண்டு, நாலு சொல்லுத்தான் வருது, 20 இல்லை, ஆனா 'ஒண்டும் போகேல்ல அக்கா' எண்டு எழுதியிருக்கிறார். எனக்கு வாசிக்கக் கண் கலங்கிப் போச்சு.

அவர் அனுப்பின வசனம் ஒண்டு: அப்பா துருசு திறந்தார், நான் மண்வெட்டியால வாய்க்கால் துப்புரவாக்கினன். ஸ்லூஸ் சரி, கனால் சரி, மமோட்டி நல்ல சரி. 'க்ளீன்' எழுதினது பிழையில்லை, 'க்ளியர்' எண்டா இன்னும் பொருந்தும், அடைச்சுக் கிடந்ததை எடுத்தனீங்கள் தானே. நாங்கள் கண்ணிவெடி எடுத்த நிலத்துக்கும் அந்தச் சொல்லுத்தான், க்ளியர்.

அவர் கோடு கீறி விட்ட இடம் நாரிப் பிடிப்பு. வாய்க்கால் வெட்டினா வராமல் என்ன. கனடாப் பிள்ளையிட்டக் கேட்டு எடுத்தனான், மை பாக் இஸ் ஸ்ரிஃப் எண்டு சொன்னாக் காணுமாம். நாளைக்கு உரப்பையையும் சாக்கையும் பற்றி எழுதுங்கோ தம்பி, இரண்டுக்கும் அவையள் ஒரே சொல்லோ வேற வேறயோ எண்டு நானும் பாக்க வேணும்.